ஜர்னலில் வராத ஆய்வுகள்: சாம்பல் இலக்கியத்தைத் தேடுவதும் பயன்படுத்துவதும்

1989 மார்ச்சில், ஜெனீவா அருகே உள்ள செர்ன் என்ற இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ தன் மேலதிகாரியிடம் ஒரு திட்டக் குறிப்பைக் கொடுத்தார். ஆய்வுக்கூடத்தில் சிதறிக் கிடக்கும் தகவல்களை ஒன்றோடொன்று இணைத்து வைப்பது எப்படி என்பதுதான் விஷயம். மேலதிகாரி மைக் செண்டால், 'தெளிவில்லை, ஆனாலும் ஆர்வமூட்டுகிறது' என்ற பொருளில் அதன் முகப்பில் கிறுக்கி வைத்தார். இன்று நாம் இணையம் என்று பேச்சுவழக்கில் சொல்லும் வெப் அந்தக் குறிப்பிலிருந்துதான் முளைத்தது. அதை எந்த ஜர்னலும் வெளியிடவில்லை, எந்தப் பதிப்பகமும் அச்சிடவில்லை. அலுவலகத்துக்குள் கைமாறிய சில தாள்கள், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட எழுத்துக்கு ஆய்வுலகத்தில் கிரே லிட்ரேச்சர் என்று பெயர். தமிழில் சாம்பல் இலக்கியம் என்கிறோம். இலக்கியம் என்றதும் கதை, கவிதை என்று மனம் ஓடும். இங்கே அந்தப் பொருள் இல்லை. ஒரு துறையில் இதுவரை எழுதப்பட்டவை அத்தனையும் அந்தத் துறையின் இலக்கியம். லிட்ரேச்சர் ரிவ்யூ என்று சொல்லும்போது வருகிற அதே பொருள்தான்.

1997ல் லக்சம்பர்க்கில் நடந்த சாம்பல் இலக்கிய மாநாட்டில் இதற்கு ஒரு வரையறை சொன்னார்கள். அரசு, கல்வி நிறுவனங்கள், வணிகம், தொழில்துறை என எல்லா மட்டத்திலும் அச்சிலோ மின்வடிவிலோ உருவாகி, வணிகப் பதிப்பகங்களின் பிடியில் இல்லாத எழுத்து. 2004ல் நியூயார்க் மாநாட்டில் ஒரு வால் சேர்த்தார்கள்: அதாவது, வெளியிடுவதைத் தன் முதன்மைத் தொழிலாகக் கொள்ளாத அமைப்பு உருவாக்கியது. என்னைக் கேட்டால் இந்த வால்தான் முக்கியம். ஒரு சுகாதாரத் துறை தடுப்பூசித் திட்டத்தைப் பற்றி அறிக்கை எழுதுகிறது. அதன் வேலை தடுப்பூசி போடுவது. அறிக்கையை நாலு பேர் கண்ணில் படும்படி வைப்பது அதற்கு இரண்டாம்பட்சம். அறிக்கைக்கு நல்ல தலைப்பு வைக்கவும், சுருக்கம் எழுதவும், தரவுத்தளங்களில் சேர்க்கவும், பத்து வருடம் கழித்தும் அதே முகவரியில் கிடைக்கச் செய்யவும் அங்கே ஆள் கிடையாது. தேடும்போது நாம் படும் பாடெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

ஆய்வேடுகள், அரசுத் துறை அறிக்கைகள், திட்ட மதிப்பீடுகள், மாநாட்டுச் சுருக்கங்கள், பொருளியலாளர்கள் வொர்க்கிங் பேப்பர் என்று சுற்றுக்கு விடும் வரைவுகள், மருந்துச் சோதனைப் பதிவுகள், தொழில்நுட்ப அறிக்கைகள் எல்லாம் இதில் அடங்கும். ப்ரீபிரின்ட் (ஜர்னலில் வருவதற்கு முன்பே வெளியிடும் கட்டுரை வடிவம்) சேருமா, வலைப்பதிவு சேருமா, தரவுத்தொகுப்பு சேருமா என்று சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆரம்பத்தில் இருப்பவர் அந்த எல்லைத் தகராறில் நேரத்தை விட வேண்டாம்.

சாம்பல் என்றால் மட்டமா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சக ஆய்வாளர்கள் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தால் வெள்ளை, இல்லாவிட்டால் சாம்பல், அதனால் ஒரு படி கீழே என்று. இந்தக் கணக்கு சரிவராது. கணித உலகம் நூறாண்டு போராடிய பொங்கரே அனுமானத்தைக் கிரிகோரி பெரல்மான் நிரூபித்தது 2002, 2003ல் ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளைத் தாங்களே ஏற்றும் ஆர்கைவ் (arXiv) தளத்தில் ஏற்றிய மூன்று கட்டுரைகளில்தான். அவர் அவற்றை எந்த ஜர்னலுக்கும் அனுப்பவில்லை. மற்ற கணிதவியலாளர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து சரிபார்த்தார்கள். 2006ல் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் தேடி வந்தது, வேண்டாம் என்றுவிட்டார். இணையம் இயங்கும் விதிமுறைகளை வரையறுக்கும் ஆர்எஃப்சி ஆவணங்களும் இதே வகைதான். முதலாவது 1969 ஏப்ரலில் ஸ்டீவ் கிராக்கர் எழுதியது.

அதற்காகச் சாம்பல் எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. ஒரு ஆவணம் எந்த வழியாக வெளியே வந்தது என்பதைத்தான் இந்த நிறம் சொல்கிறது. உள்ளே இருப்பது எப்படி என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்?

ஜர்னல்களில் தேடினாலே ஆயிரம் கட்டுரை கிடைக்கிறதே, போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு எனக்குத் தெரிந்து மிகக் கூர்மையான சான்று மனச்சோர்வு மருந்துகள் பற்றிய ஒரு ஆய்வு. எரிக் டர்னரும் உடன் பணியாற்றியவர்களும் 2008ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டது.

அமெரிக்காவில் ஒரு புது மருந்துக்கு அனுமதி வாங்க வேண்டுமென்றால், அதைச் சோதித்த விவரங்களை எஃப்டிஏ என்ற ஒழுங்குமுறை அமைப்பிடம் கொடுக்க வேண்டும். அங்கே இருக்கும் மதிப்பாய்வாளர்கள் அவற்றை அலசித் தங்கள் குறிப்பை எழுதிக் கோப்பில் வைப்பார்கள். டர்னர் குழு 12 மருந்துகள் தொடர்பான 74 சோதனைகளின் கோப்புகளை எடுத்தது. அவற்றில் பங்கேற்ற நோயாளிகள் 12,564 பேர். பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் ஜர்னலில் கட்டுரை வந்திருக்கிறதா என்று தேடியது.

எஃப்டிஏ 38 சோதனைகளில் மருந்து பலன் தந்ததாகக் கண்டிருந்தது. அவற்றில் ஒன்றைத் தவிர 37ம் ஜர்னலில் வந்துவிட்டன. மீதி 36ல் பலன் இல்லை, அல்லது சந்தேகம்தான். அவற்றில் 22 வெளியே வரவே இல்லை. 11 வெளிவந்தன, ஆனால் பலன் இருந்ததாகப் படிப்பவருக்குத் தோன்றும்படி. மூன்றே மூன்றுதான் உள்ளது உள்ளபடி வந்தன. இப்போது கூட்டிப் பாருங்கள். ஜர்னல் மட்டும் படிப்பவர் பார்ப்பது 51 சோதனைகள். அதில் 48 வெற்றி, 94 சதவீதம். கோப்புகளைப் படிப்பவர் பார்ப்பது 74 சோதனைகள். அதில் 38 வெற்றி, 51 சதவீதம்.

மருந்து வேலையே செய்யவில்லை என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோதும் பலன் இருந்தது. ஆனால் ஜர்னல் கட்டுரைகள் அந்தப் பலனை மொத்தமாக 32 சதவீதம் பெரிதாக்கிக் காட்டியிருந்தன. இந்தச் சாய்வுக்கு வெளியீட்டுச் சாய்வு என்று பெயர். நல்ல முடிவு ஜர்னலுக்குப் போகிறது, சப்பென்ற முடிவு மேசை இழுப்பறைக்குப் போகிறது. இழுப்பறையைத் திறந்து பார்ப்பதற்குத்தான் சாம்பல் இலக்கியத் தேடல்.

மனச்சோர்வு மருந்துகள் தவிர மற்ற மருத்துவ ஆய்வுகளிலும் கதை இதேதான். மாநாடுகளில் படிக்கப்பட்ட ஆய்வுச் சுருக்கங்களில் எத்தனை பின்னர் முழுக் கட்டுரையாக வந்தன என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு பார்த்தது. 2018ல் வந்த அந்தத் தொகுப்பின்படி 37 சதவீதம்தான்.

தேடலை எங்கே தொடங்குவது?

ஜர்னல் தேடலில் முதல் கேள்வி, எந்தச் சொல்லைத் தட்டுவது என்பது. இங்கே முதல் கேள்வி வேறு: இதைப் பற்றி யார் எழுதியிருப்பார்கள், எழுத யாருக்குக் கடமை இருந்திருக்கும்?

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். பள்ளியில் கைகழுவும் வசதி செய்து கொடுத்தால், பிள்ளைகள் உடம்பு சரியில்லாமல் வகுப்புக்கு வராமல் போவது குறையுமா? கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். இந்த வேலையில் இறங்கியவர்கள் யார்? யுனிசெஃப், வாட்டர்எய்ட் போன்ற அமைப்புகள். பணம் கொடுத்தவர்கள்? உலக வங்கி, பல நாடுகளின் உதவி முகமைகள். வருகைப் பதிவை வைத்திருப்பவர்கள்? கல்வித் துறைகள். இதை மதிப்பிட்டவர்கள்? மதிப்பீட்டு நிறுவனங்களும், இதைத் தலைப்பாக எடுத்த முனைவர் பட்ட மாணவர்களும். மதிப்பீடுகளைத் தொகுத்து வைப்பவர்கள்? த்ரீ-ஐ-ஈ என்ற அமைப்பின் தளம். பத்து நிமிடத்தில் ஒரு பட்டியல் வந்துவிடும். இனி ஒவ்வொரு வாசலாகத் தட்ட வேண்டியதுதான்.

அப்புறம்தான் சொற்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்திருக்கிறேன். ஜர்னல்காரர்கள் 'ஹேண்ட் ஹைஜீன்' என்று எழுதுவார்கள். களத்தில் வேலை செய்கிறவர்கள் அந்தச் சொல்லையே தொட மாட்டார்கள். குடிநீர், கழிப்பறை, சுகாதாரம் மூன்றையும் சேர்த்து அவர்களுக்கு எல்லாமே 'வாஷ்'தான். பள்ளி என்றால் 'வாஷ் இன் ஸ்கூல்ஸ்'. அறிக்கையின் தலைப்பில் கை என்ற சொல்லும் இருக்காது, கழுவுதல் என்ற சொல்லும் இருக்காது. ஏதோ ஒரு திட்டத்தின் பெயரும், 'எண்ட்லைன் சர்வே' அல்லது 'ஃபைனல் இவால்யுவேஷன்' என்ற இரண்டு சொல்லும்தான் இருக்கும். ஆகவே முதலில் கிடைக்கும் இரண்டு மூன்று அறிக்கைகளைத் தேடல் சொற்களுக்காகவே ஒரு முறை படியுங்கள். அந்தத் துறை தனக்குள் பேசிக்கொள்ளும் சொல் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. இன்னொன்று, பல நாடுகளின் அரசு அறிக்கைகள் அந்தந்த நாட்டு மொழியில் மட்டுமே வருகின்றன. ஆங்கிலத்தில் மட்டும் தேடினால் அவை கண்ணில் படாது.

அமைப்புகளின் தளங்களில் இருக்கும் தேடல் பெட்டி பெரும்பாலும் உருப்படியாக வேலை செய்யாது. கூகுளையே அந்தத் தளத்துக்குள் அனுப்பிவிடலாம். ஆங்கிலத்தில் 'சைட்' என்று தட்டி, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரி, பிறகு உங்கள் சொற்கள். கூடவே 'ஃபைல்டைப்', முக்காற்புள்ளி, 'பிடிஎஃப்' என்று சேர்த்தால் செய்தி அறிவிப்புகளும் புகைப்படப் பக்கங்களும் விலகி அறிக்கைகள் முன்னால் வரும். சேர்ந்தே வர வேண்டிய சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். கூகுள் ஸ்காலரும் உதவும், ஆனால் எத்தனை முடிவுகள் வந்ததாகச் சொன்னாலும் முதல் ஆயிரத்துக்கு மேல் அது காட்டாது. முழுதும் பார்த்து மாளாது. 2015ல் நீல் ஹாடவேயும் குழுவும் அதைச் சோதித்துப் பார்த்து, சாம்பல் இலக்கியத்துக்கு முதல் 200 முதல் 300 முடிவுகள் வரை பார்க்கலாம் என்று பரிந்துரைத்தார்கள். வசதியான கணக்கு. எங்கே நிறுத்துவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அலுப்பு தட்டியதும் நிறுத்துவது ஆய்வு முறை ஆகாது.

ஆய்வேடுகளுக்கு என்டிஎல்டிடி, டார்ட்-யூரோப், ஷோத்கங்கா போன்ற களஞ்சியங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகக் களஞ்சியங்களை ஒரே இடத்திலிருந்து துழாவ பேஸ், கோர் என்ற இரண்டு தேடல் தளங்கள். மருந்துச் சோதனைகளுக்கு கிளினிக்கல்ட்ரையல்ஸ்.கவ் தளமும் உலக சுகாதார நிறுவனத்தின் பதிவேட்டுத் தளமும். மருத்துவத் தேடல் என்றால், கனடாவில் தயாரான கிரே மேட்டர்ஸ் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாகப் போகலாம். ஒரு எச்சரிக்கை. பழைய வழிகாட்டிகள் எல்லாமே ஓப்பன்கிரே என்ற ஐரோப்பியத் தளத்துக்குப் போகச் சொல்லும். அது மூடப்பட்டுவிட்டது. அதன் பதிவுகள் நெதர்லாந்தின் டான்ஸ் காப்பகத்தில் இருக்கின்றன, புதிதாக எதுவும் சேர்வதில்லை. சாம்பல் இலக்கியத்தைத் தேடுவதற்கான கருவியே சாம்பலாகிப் போன கதை அது.

இத்தனை தேடியும் கிடைக்காதவை இருக்கும். ஏதாவது அறிக்கையின் அடிக்குறிப்பில் பெயர் மட்டும் வரும், ஆவணம் எங்கும் இருக்காது. அப்போது மின்னஞ்சல்தான் வழி. 'உங்களிடம் இருக்கும் எல்லா அறிக்கைகளையும் அனுப்புங்கள்' என்று எழுதினால் பதில் வராது. தலைப்பு, ஆண்டு, எங்கே அதன் பெயரைப் பார்த்தீர்கள், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நான்கு வரியில் எழுதினால் ஆச்சரியப்படும்படி பலர் அனுப்பி வைப்பார்கள். தங்கள் அறிக்கையை யாரோ ஒருவர் படிக்கக் கேட்கிறாரே என்ற மகிழ்ச்சியாகக்கூட இருக்கலாம். நூலகரிடமும் கேளுங்கள். தயங்கிக்கொண்டு கடைசியில் கேட்பதைவிட முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

கிடைத்ததை நம்புவது எப்படி?

ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஸ் டின்டால் 2010ல் ஆகோட்ஸ் என்ற சரிபார்ப்புப் பட்டியலை உருவாக்கினார். எழுதியவரின் தகுதி, துல்லியம், எவ்வளவு பரப்பை எடுத்துக்கொண்டது, நடுநிலை, தேதி, முக்கியத்துவம் என ஆறு கோணம். நல்ல பட்டியல், பயன்படுத்துங்கள். என் பழக்கம் என்னவென்றால், அதற்கும் முன்பு இரண்டு காரியம் செய்துவிடுவேன். முதலில், பணம் யார் கொடுத்தது என்று பார்ப்பது. ஒரு திட்டத்தை நடத்திய அமைப்பே ஆலோசகருக்குக் கூலி கொடுத்து எழுதச் சொன்ன மதிப்பீடு என்றால் அதைத் தூக்கி எறிய வேண்டாம், ஆனால் பெயரடைகளை நம்பாமல் எண்களை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டாவது, பின்னிணைப்பிலிருந்து படிப்பது. முன்னால் இருக்கும் சுருக்கம் 'கணிசமான முன்னேற்றம்' என்று சொல்லும். கடைசியில் இருக்கும் அட்டவணையைப் பார்த்தால், எத்தனை பள்ளிகள், அதில் எத்தனை நடுவில் விலகின, ஒப்பிட்டுப் பார்க்க வேறு பள்ளிகளை எடுத்தார்களா என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

அடுத்து, எண்ணின் ஊற்றுவாய் வரை நடந்து போக வேண்டும். போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இமயமலைப் பனியாறுகள் சாட்சி. 2007ல் காலநிலை மாற்றத்துக்கான ஐநாவின் பன்னாட்டுக் குழு வெளியிட்ட அறிக்கையின் ஆசியா பற்றிய அத்தியாயத்தில், அந்தப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துபோகும் வாய்ப்பு மிக அதிகம் என்று ஒரு வரி இருந்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது, இயற்கைப் பாதுகாப்புக்கான டபிள்யூடபிள்யூஎஃப் அமைப்பின் 2005 அறிக்கை. அந்த அறிக்கை அதை எடுத்தது, 1999ல் நியூ சயின்டிஸ்ட் இதழில் வந்த ஒரு செய்தியிலிருந்து. அந்தச் செய்தியின் பின்னால் இருந்தது, ஒரு விஞ்ஞானி பேட்டியில் சொன்ன கருத்து. ஆய்வு என்று எதுவும் இல்லை. 2010 ஜனவரியில் குழு பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது.

இதைக் காட்டி, பார்த்தீர்களா, சாம்பல் இலக்கியத்தைத் தொட்டால் இப்படித்தான் என்று பலர் சொன்னார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. ஏனென்றால் 1996ல் யுனெஸ்கோ வெளியிட்ட ஒரு நீரியல் அறிக்கையில், துருவப் பகுதிகளுக்கு வெளியே உள்ள பனியாறுகள் வெகுவாகச் சுருங்கும் ஆண்டாகக் குறிக்கப்பட்டிருந்தது 2350. இலக்கங்கள் இடம் மாறித்தான் 2035 ஆனதோ என்று பின்னாளில் சந்தேகித்தவர்கள் உண்டு. அந்த யுனெஸ்கோ அறிக்கையும் சாம்பல்தான். அதைத் தேடிப் புரட்டியிருந்தால் இரண்டு எண்ணும் இப்படி முரண்படுகின்றனவே என்று அங்கேயே கேள்வி எழுந்திருக்கும்.

பத்திரப்படுத்துங்கள், உடனே

பியூ ஆய்வு மையம் 2024ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2013ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் காணாமல் போய்விட்டன. அறிக்கைகள் இந்த விதிக்கு விலக்கில்லை. தளத்தைப் புதுப்பிப்பார்கள், திட்டம் முடிந்ததும் அதன் பக்கத்தையே எடுத்துவிடுவார்கள், ஆட்சி மாறினால் துறையின் பெயர் மாறும், முகவரியும் மாறும். ஒருமுறை நான் மேற்கோள் காட்டிய ஒரு அறிக்கையை நண்பர் ஒருவர் திறந்து பார்த்துவிட்டு, நீ சொன்ன 47ஆம் பக்கத்தில் அப்படி ஒரு அட்டவணையே இல்லையே என்றார். பக்கம் இருந்தது, இணைப்பும் வேலை செய்தது. வெளியிட்ட அமைப்பு சத்தமில்லாமல் கோப்பை மட்டும் மாற்றி வைத்திருந்தது. என்னிடம் பழைய பிரதி இல்லை. அந்த வரியை எடுத்துவிட வேண்டியதாயிற்று.

அதனால் பிடிஎஃப் கண்ணில் பட்டதுமே இறக்கிக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரில் அமைப்பு, ஆண்டு, இறக்கிய தேதி மூன்றும் இருக்கட்டும். 'ஃபைனல்-ரிப்போர்ட்-2' என்று வந்த பெயரை அப்படியே விட்டால் ஒரு மாதத்தில் அது எதுவென்று உங்களுக்கே தெரியாது. பக்கத்தின் முகவரியை இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் கொடுத்தால் அன்றைய நிலையில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். மேற்கோள் குறிப்பில் அந்தப் பிரதியின் முகவரியையும் சேர்த்துவிடலாம். எழுதியவர் பெயர் இல்லாவிட்டால் அமைப்பின் பெயரே ஆசிரியர். அறிக்கை எண் இருந்தால் அதையும், பார்த்த தேதியையும் விடாதீர்கள்.

இன்னொரு பொறி, ஒரே ஆய்வை நாலு முறை எண்ணுவது. ஒரு மாணவரின் ஆய்வேடு முதலில் மாநாட்டுச் சுருக்கமாக வரும், பிறகு வொர்க்கிங் பேப்பராக, கடைசியில் ஜர்னல் கட்டுரையாக. தலைப்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். நான்கு சான்றுகள் ஒரே முடிவைச் சொல்கின்றன என்று நீங்கள் மகிழ்ந்து போவீர்கள். களம், ஆண்டு, பங்கேற்றவர் எண்ணிக்கை இந்த மூன்றும் ஒத்துப்போனால் சந்தேகப்படுங்கள். ஒன்றுதான் என்று உறுதியானால் ஒன்றாகவே எண்ணுங்கள். ஆனால் பழைய வடிவங்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஆய்வேட்டில் இருந்து, ஜர்னலுக்குப் போகும்போது உதிர்ந்துபோன அட்டவணைகள் சில சமயம் மிகச் சுவையானவை.

சரி, இதையெல்லாம் ஆய்வுக் கட்டுரையில் எப்படிச் சொல்வது? ஒரு கேள்விக்கான ஆய்வுகளைத் திரட்டி முறைப்படியான மீளாய்வு எழுதுகிறவர்கள் பின்பற்றும் பிரிஸ்மா 2020 என்ற வழிகாட்டியின் வரைபடத்தில், தரவுத்தளங்களிலிருந்து வந்தவைக்கு ஒரு வரிசை, தளங்கள், அமைப்புகள், மேற்கோள் பட்டியல்கள் வழியாக வந்தவைக்குத் தனி வரிசை என்றே வைத்திருக்கிறார்கள். அதை நிரப்ப வேண்டுமானால் தேடும்போதே ஒரு குறிப்பேடு ஓட வேண்டும். எந்த நாள், எந்தத் தளம், என்ன சொற்கள், எத்தனை வந்தன, எத்தனை பார்த்தேன், எத்தனை எடுத்தேன் என்று ஒரு தேடலுக்கு ஒரு வரி போதும். சாதாரண விரிதாள் தாங்கும். ஒன்றுமே கிடைக்காத தளத்துக்கும் ஒரு வரி போடுங்கள், 'பூஜ்யம்' என்று.